சிடபிள்யூ (மோர்ஸ்) கேட்க என்.ஆர். (இரைச்சல் குறைப்பு) பொத்தான்: உதவியா, உபத்திரவமா?

வில்லாபுரம் டிட்டா:
சாயங்காலம் 7 மணிக்கு ரேடியோவில் 40 மீட்டர் அலைவரிசையைத் திறந்தால் ஒரே இரைச்சல். அக்கம்பக்கத்து எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், போதாததற்கு மேற்கே இடி. இப்போது டிஎஸ்பி (ஒலியை எண்களாக்கிச் சீர்செய்யும் வசதி) உள்ள ரிக், அதாவது ரேடியோ, ஒன்று வாங்கியிருக்கிறேன். என்.ஆரைப் போட்டதும் சித்திரை வீதிக் கூட்டத்திலிருந்து பொற்றாமரைக் குளக்கரைக்கு வந்த மாதிரி இருக்கிறது. ஆனால் மூத்த ஹாம் (அமெச்சூர் வானொலிக்காரர்) ஒருவர், சிடபிள்யூ கேட்கிறவன் அதைத் தொடவே கூடாது என்கிறார். ஏன்?

பசுமலை பழைய கீ:
அவர் சொன்னது சரிதான் தம்பி. முதலில் ஃபில்டர் உள்ளே விடும் அலைவரிசையின் அகலத்தைக் குறை. குரலுக்கு வைத்த 2400 ஹெர்ட்ஸிலிருந்து 500க்கு வந்தாலே இரைச்சல் ஏறக்குறைய 7 டெசிபல் இறங்கும், 250க்கு வந்தால் 10. சிக்னல் அப்படியே இருக்கும். மிச்சத்தைக் காது பார்த்துக்கொள்ளும். 600 ஹெர்ட்ஸ் சுருதியில் நம் காதே ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ் அகலமுள்ள ஃபில்டர். ஹாம் உரிமத்துக்கான ஜெனரல் கிரேடு தேர்வில் மோர்ஸ் கேட்டு நிமிடத்துக்கு 8 வார்த்தை எழுதியபோது எந்தப் பொத்தான் இருந்தது?

மேலூர் டிஎஸ்பி:
தேர்வு அறையில் இன்வெர்ட்டர் இரைச்சல் இருந்ததா, அண்ணே?

ஃபில்டரைக் குறுக்கிக்கொண்டே போக முடியாது. 50 ஹெர்ட்ஸில் வைத்தால் ஒவ்வொரு டிட்டும் (மோர்ஸின் குறில் ஒலி) கோயில் மணி மாதிரி இழுக்கும். 25 வார்த்தை வேகத்தில் ஒரு டிட் 48 மில்லிசெகண்ட்தான். இழுவை அடுத்த டிட்மேல் ஏறிவிடும். பெரும்பாலான ரிக்குகளில் என்.ஆர். செய்வது வேறு வேலை. இப்போது வந்த ஒலியை வைத்து அடுத்து வரப்போவதை ஊகிக்கிறது. ஒரே சுருதியில் வரும் டோனை ஊகிக்க முடியும், இரைச்சலை முடியாது. ஊகத்துக்கு அடங்கியதை மட்டும் வெளியே விடுகிறது. அந்தக் கணக்குப்படி குரலைவிடச் சிடபிள்யூவுக்குத்தான் அது பொருத்தம். ஆட்டோ நாட்ச் என்ற இன்னொரு பொத்தான் இதற்கு நேர் எதிர், டோனைத் தின்றுவிடும். அதை அணைக்க மறந்துவிட்டு என்.ஆரைத் திட்டுகிறவர்கள் உண்டு. பெயர் வேண்டாம்.

பசுமலை பழைய கீ:
என்னைத்தான் சொல்கிறாய், சரி. ஆனால் ஊகிக்கப் பழக அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டுமே? அதற்குள் முதல் டிட் போய்விடும். சிக்னல் இரைச்சலுக்குள் மூழ்கினால் அதையும் இரைச்சல் என்றே முடிவு கட்டிவிடும். போன மாதம் ஒரு ஜப்பான் நிலையம் சிக்யூ (யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்ற அழைப்பு) விட்டுக்கொண்டிருந்தது. கியூஎஸ்பியில், அதாவது சிக்னல் தேய்ந்து வளர்வதில், ஏறி இறங்கியது. நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறியில் கடைசி எழுத்து ஒற்றை டிட். என்.ஆர். இருக்கும்வரை அப்படி ஓர் எழுத்து இருப்பதே தெரியவில்லை. அணைத்தேன், இரண்டாம் சுற்றில் காதில் விழுந்தது. இரைச்சலுக்கு அடியில் ஏதோ அசைகிறது என்று காதுக்குத் தெரியும். அந்த அசைவையே துடைத்துவிட்டால் எதைத் தேடுவது?

மேலூர் டிஎஸ்பி:
உச்சத்தில் வைத்தால் அப்படித்தான். 10க்கு 2, 3 போதும். எனக்கு வலது காதில் ஓயாத ரீங்காரம் இருக்கிறது. என்.ஆர். இல்லாமல் அரை மணி நேரம் கேட்டால் தலை வலிக்கிறது. போட்டி இரவுகளில் இரண்டு மணி நேரம் உட்கார முடிவதே அந்தப் பொத்தானால்தான்.

அழகர்கோவில் ரோடு லூப்:
இரண்டு பேரும் ஆன்டெனா பக்கமே திரும்பவில்லையே! இடிக்கு என்.ஆர். உதவாது. ஒவ்வொரு மின்னல் வெட்டுக்கும், ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் ஏஜிசி ரிசீவரை அமுக்கிவிடுகிறது, அது மெல்ல எழுவதற்குள் இரண்டு எழுத்து காலி. ஆர்எஃப் கெயினை (ரிசீவரின் உணர்திறன்) குறைத்து ஏஜிசியை வேகமாக வையுங்கள், அல்லது அணையுங்கள். மின்கம்பத்துப் பொறி இன்னொரு ரகம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது நொடிக்கு 100 முறை கொத்தாக வரும். அதற்கு, துடிப்பு வரும் கணத்தை மட்டும் வெட்டிவிடும் நாய்ஸ் பிளாங்கர். துடிப்பு குறுகலாக இருக்கும்போதே வெட்ட வேண்டும் என்பதால், அது ஃபில்டருக்கு முன்னால் இருந்தால்தான் பலன். எல்இடிக்கு மருந்து உங்கள் மெயின் சுவிட்சில் இருக்கிறது. அதை இறக்கிவிட்டு பேட்டரியில் ரிக்கை ஓட்டிப் பாருங்கள்.

வில்லாபுரம் டிட்டா:
நேற்று ராத்திரி செய்து பார்த்தேன். வீட்டில் எல்லோரும் திட்டினார்கள். சிக்னல் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் இரைச்சல் 7லிருந்து 4க்கு இறங்கியது! ஒவ்வொரு இணைப்பாகப் போட்டுப் பார்த்ததில் குற்றவாளி எங்கள் மாடிப்படி எல்இடிதான். பக்கத்து வீட்டுக்காரரை வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டேன். இப்போது ஃபில்டர் 400, என்.ஆர். 2.

பசுமலை பழைய கீ:
எஸ் 4 ஆன பிறகும் எதற்கு அந்த 2?

மேலூர் டிஎஸ்பி:
வாதம் வேண்டாம் அண்ணே. சனிக்கிழமை இரவு பலவீனமான நிலையங்களாகப் பார்த்துக் கணினியில் பதிகிறேன். அதே பதிவை என்.ஆர். போட்டு இன்னொரு பிரதி எடுக்கிறேன். இரண்டையும் கேட்டு, விழுந்ததை எழுதி அனுப்புங்கள். எத்தனை அழைப்புக்குறி சரி என்று எண்ணிப் பார்த்துவிடலாம்.

பசுமலை பழைய கீ:
அனுப்பு. எது என்.ஆர். போட்டது என்று கோப்பின் பெயரில் எழுதிவிடாதே. அப்புறம், இரண்டுக்கும் நிலையங்களின் வரிசையை மாற்றி வை. முதலில் கேட்டது ஞாபகத்தில் இருக்கும்.