டாலஸில் வேலை: வளர்த்தியா, வீக்கமா?

பிளேனோ பாண்டி:
அமெரிக்காவில் வேலை பெருகும் ஊர் எது என்று கேட்டால் இனி டெக்சாஸ் பக்கம்தான் கை நீட்ட வேண்டும். டொயோட்டாவின் அமெரிக்கத் தலைமையகம் 2017இல் கலிபோர்னியாவின் டோரன்ஸை விட்டு டாலஸை ஒட்டிய எங்கள் பிளேனோவுக்கு வந்தது. பங்குத் தரகு நிறுவனமான ஷ்வாப் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து டாலஸ் பக்கத்து வெஸ்ட்லேக்குக்கு வந்தது. டெஸ்லாவும் மென்பொருள் நிறுவனமான ஆரக்கிளும் டெக்சாஸின் ஆஸ்டினுக்கு. மாநில வருமான வரி கிடையாது. சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாக்காரர்கள் இன்னும் எதற்கு அங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்?

சன்னிவேல் சாமி:
நீங்கள் சொன்னதெல்லாம் இடமாற்றம், பாண்டி. டோரன்ஸில் காலியான நாற்காலி பிளேனோவில் நிரம்பினால் நாட்டுக்கு என்ன லாபம்? ஆள் வந்து குவிகிற ஊரில் பல் பிடுங்கவும் முடிவெட்டவும் ஆள் தேவைப்படும், எண்ணிக்கை தானாக ஏறும். சம்பளத்தைப் பாருங்கள். பெரிய மாநகரங்களில் சராசரிச் சம்பளம் உச்சத்தில் இருப்பது எங்கள் சன்னிவேலை உள்ளடக்கிய சான் ஹோசேயில்.

பிளேனோ பாண்டி:
ஆஸ்டினில் டெஸ்லா 2022இல் திறந்த தொழிற்சாலையும் இடமாற்றமா? மணல், சரளை தோண்டிய நிலத்தில் புதிதாக எழுந்தது ஐயா அது! அந்த உச்சச் சம்பளத்தில் சன்னிவேலில் ஒரு வீடு வாங்கிக் காட்டுங்கள். இங்கே டாலஸுக்கு வடக்கே செலினா பக்கம் வந்து பாருங்கள்: முந்தாநாள் வரை மாடு மேய்ந்த நிலத்தில் வரிசையாக மரச்சட்டம் அடித்து நிற்கிறார்கள். வீடு இருப்பதால்தான் ஆள் வருகிறது. உங்கள் ஊரில் நாலு மாடி கட்டுவதற்குள் அக்கம்பக்கத்தார் மனு போட்டுவிடுவார்கள். அப்புறம், 2001இல் இணைய நிறுவனங்கள் கவிழ்ந்த டாட்காம் சரிவில் சான் ஹோசே இழந்த வேலைகளை மீட்கப் பத்து ஆண்டுக்கு மேல் ஆனதே, மறந்துவிட்டதா?

சன்னிவேல் சாமி:
வருமான வரி இல்லை, சரி. சொத்து வரி ரசீதையும் காட்டுங்களேன். இங்கே கலிபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டப்படி, வீட்டின் வரிமதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. உங்களுக்குக் குடியிருக்கும் வீட்டுக்கே 10 சதவீதம் வரை ஏற்றலாம். ஏப்ரலில் கவுண்டியிலிருந்து மதிப்பீட்டுக் கடிதம் வந்ததும் டாலஸ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே புலம்பல்.

கணக்கன்:
நடுவில் வருகிறேன். வேலை எந்த ஊரில் பெருகுகிறது என்பதற்கு வளர்ச்சிச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். லாஸ் வேகாஸில் 2020 ஏப்ரலில் வேலையின்மை 30 சதவீதத்தைத் தாண்டியது. அவ்வளவு ஆழத்தில் விழுந்ததால்தான் மறு ஆண்டு வளர்ச்சி விகிதம் எகிறியது. இன்னொன்று, தொழிலாளர் புள்ளியியல் துறை நிறுவனங்களிடம் கேட்டு எண்ணுவது வேலைகளை, ஆட்களை அல்ல. இரண்டு இடத்தில் வேலை செய்பவர் இரண்டு தடவை கணக்கில் வருவார். சொந்தமாக ஊபர் ஓட்டுபவர் வரவே மாட்டார்.

பிளேனோ பாண்டி:
வேகாஸ் சுற்றுலாவை நம்பி விழுந்தது. டாலஸில் வங்கி, விமானம், தொலைத்தொடர்பு, சரக்குக் கிடங்கு எல்லாம் உண்டு. ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும்.

சன்னிவேல் சாமி:
தாங்கட்டும். ஆனால் வந்தவர்கள் தங்குவார்களா? ஆரக்கிள் 2020இல் ஆஸ்டின் என்றது. 2024இல் அதன் நிறுவனர் லாரி எல்லிசன் டென்னசியின் நாஷ்வில்தான் தலைமையகம் ஆகும் என்றார். 1993இல் எங்கள் சிலிக்கான் பள்ளத்தாக்கில் தொடங்கிய சிப் நிறுவனமான என்விடியா இன்னும் இங்கே சான்டா கிளாராவில்தான் இருக்கிறது.

பிளேனோ பாண்டி:
நாஷ்வில்லிலும் சம்பளத்துக்கு மாநில வரி இல்லை சாமி, கவனித்தீர்களா? ஆரக்கிள் ஏன் உங்கள் பக்கம் திரும்பவில்லை?