பால்டர்ஸ் கேட் 3: அப்டேட்டுக்குப் பிறகு நடந்து, இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சம்பவம்?

உடைந்த_பாலம்

இந்த வீடியோ கேமுக்கு எட்டாவது பேட்ச்தான் (அப்டேட்) கடைசிப் பெரிய பேட்ச் என்று சொல்லிவிட்டார்கள். இனி சின்னச் சின்ன ஹாட்ஃபிக்ஸ்தான். சரி, மனதில் கிடப்பதை இறக்கி வைக்க இதுதான் நேரம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். முதலில் என் கதை.

ஹானர் மோட், அதாவது குழு மொத்தமும் செத்தால் ஆட்டமே முடிந்தது என்கிற கடின நிலை. உடைந்த பாலத்தருகே கித்யாங்கி என்ற போர்வீர இனத்துக் கூட்டம். அவர்கள் தலைவன் வாஸ் டிராகனில் ஏறிப் போய்விட்டான், மிச்சம் இருந்தவர்களோடு சண்டை. எல்லாரும் லெவல் 5. என் குழுவின் வாள்வீராங்கனை லேசெல்லுக்கு, வேகத்தைக் கூட்டிக் கூடுதல் ஆக்‌ஷன் தரும் ஸ்பீட் போஷன் ஊற்றித்தான் களத்தில் இறக்கினேன். ஆக்‌ஷன் சர்ஜ் (இன்னொரு ஆக்‌ஷன் தரும் திறமை) முந்தின சுற்றிலேயே தீர்ந்தாயிற்று. பரவாயில்லை, டாக்டீஷியனில் (ஹானருக்கு முந்தின கடின நிலை) எத்தனையோ தடவை போட்ட கணக்குதானே: இரண்டு ஆக்‌ஷன், ஆக்‌ஷனுக்கு இரண்டு வெட்டு, ஆக நாலு வெட்டு.

மூன்றாவது வெட்டு விழுந்தது. எதிரிக்கு 9 உயிர் மிச்சம். நாலாவதுக்கு மவுஸைக் கொண்டுபோகிறேன், பட்டன் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. அழுத்துகிறேன். மறுபடி அழுத்துகிறேன். ஐந்தாவது பேட்ச் ஹானர் மோடைக் கொண்டுவந்தபோதே, வேகத்தால் கிடைக்கிற கூடுதல் ஆக்‌ஷனுக்கு ஒரே வெட்டுதான் என்று சேர்த்தே எழுதியிருந்தார்கள். படித்தேனா? ஆட்டத்தைப் பதிந்துவைக்க ஒரே சேவ், பெரிய எதிரிகளான பாஸ்களுக்கு லெஜண்டரி ஆக்‌ஷன், முடித்தால் தங்கப் பகடை. இந்த மூன்றைப் பார்த்ததும் குதித்துவிட்டேன்.

அந்த 9 உயிர்க்காரன் திரும்பி லேசெல்லை வெட்டிச் சாய்த்தான். அப்புறம் சீட்டுக்கட்டு சரிந்த மாதிரிதான். கடைசியாக நின்றவள் என் குழுவின் ஷேடோஹார்ட், 6 உயிரோடு. அடுத்தது அவர்கள் முறை. அதோடு முடிந்தது.

அந்தச் சாம்பல் நிறப் பட்டன் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நீங்கள் சொல்லுங்கள்.

கடைசிப்_பந்தி

எனக்கும் அதே ஐந்தாவது பேட்ச்தான், ஆனால் சண்டை இல்லை.

நான் முதல் தடவை முடித்தது 2023 ஆகஸ்ட் மூன்றாம் வாரம். வேலைக்கு லீவு போட்டு முடித்தேன் என்பதை வீட்டில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். கடைசியில், கூடவே வந்த கார்லாக், நெஞ்சில் நரக எஞ்சின் வைத்தவள், துறைமுகத்தில் எரிந்துபோனாள். மறுபடி அவெர்னஸ் என்ற நரகத்துக்குப் போகமாட்டேன், அதற்குச் சாவே மேல் என்று ஆட்டம் முழுக்க அவள் சொல்லிக்கொண்டே வந்தாள் அல்லவா. நான் அதை மதித்தேன். அழுதேன், ஆனால் சரியாகத்தான் செய்தேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நவம்பர் 30 அன்று எபிலாக் (கதை முடிந்தபிறகு வரும் காட்சி) வந்தது. ஆறு மாதம் கழித்து, கேம்ப்பில் செத்தவர்களை எழுப்பித் தருகிற விதர்ஸ் வைக்கிற விருந்து. பழைய சேவ் ஃபைலை ஏற்றி, கடைசிச் சண்டையை மறுபடி போட்டு, அதே முடிவை எடுத்து, விருந்துக்குப் போனேன். எல்லாரிடமும் பேசினேன். கடிதங்களை எல்லாம் படித்தேன். அப்புறம் கூடாரங்களுக்கு நடுவில் சும்மா சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் இல்லை. தெரிந்துதான் போனேன், இருந்தாலும் தேடினேன்.

அன்று ராத்திரியே மறுபடி சேவை ஏற்றி, 'நானும் கூட வருகிறேன், அவெர்னஸுக்குப் போவோம்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இந்தத் தடவை விருந்தில் இருந்தாள். சிரிக்கிறாள், எஞ்சினைச் சரிசெய்ய ஒரு வழி கிடைக்கும்போல இருக்கிறது என்கிறாள்.

இதில் என்ன உறுத்தல் என்று கேட்பீர்கள். அவள் பேச்சைக் கேட்ட எனக்குக் கிடைத்தது ஆள் குறைந்த விருந்து. கேட்காதவனுக்கு அவளே கிடைக்கிறாள். ஆகஸ்டில் நான் செய்தது சரி என்றிருந்தது. நவம்பரில் ஒரு பேட்ச் வந்து அதைத் தப்பாக்கிவிட்டது.

பகடை_வாத்தியார்

உடைந்த_பாலம் ப்ரோ, கோபித்துக்கொள்ளாதீர்கள், இது ஆட்டத்தின் குறை இல்லை. பழைய ஹேஸ்ட், அதாவது அந்த வேகம், அளவுக்கு மீறிய பலம். ஒரு போஷனைக் குடித்துவிட்டு ஒரு ஃபைட்டர் ஒரு சுற்றில் நாலு வெட்டு வெட்டினால் அப்புறம் பாஸ் எதற்கு? இந்த ஆட்டத்துக்கு மூலமான, டேபிளில் விளையாடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பிலும் ஹேஸ்ட்டின் கூடுதல் ஆக்‌ஷனுக்கு ஒரு அடிதான். ஹானர் மோட் அந்த விதிக்குத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

என் கதை சின்னது: நானும் அதே பாலத்தில் ஒரு தடவை செத்தேன்.

அதனால் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, அந்தச் சண்டையே தேவையில்லை. லேசெல் கூட இருந்தால் பேசியே தப்பிக்கலாம், பகடை கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும். சண்டைதான் வேண்டும் என்றால் ஷேடோஹார்ட்டை வைத்துக் கமாண்ட் மந்திரம் போட்டு ஆயுதத்தைக் கீழே போடச் சொல்லுங்கள். வாள் இல்லாத கித்யாங்கி பாதி கித்யாங்கி. அப்புறம், இதுதான் முக்கியம், நாலு பேரையும் ஒன்றாக இறக்கவே கூடாது. ஒருவரைக் குழுவிலிருந்து பிரித்துத் தூரத்தில் நிறுத்துங்கள். மூன்று பேர் செத்தாலும் அந்த ஒருவர் கேம்ப்புக்குப் போய் விதர்ஸிடம் தலைக்கு 200 தங்கம் கொடுத்தால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். ஹானர் ரன் தப்பிக்கும். போஷன் விஷயம்: குடித்த வேகம் மூன்று சுற்றில் இறங்கியதும் அந்த ஆள் ஒரு சுற்று முழுக்கச் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார், அதையும் கணக்கில் வையுங்கள். மந்திரவாதி கேல் போடுகிற ஹேஸ்ட்டாக இருந்தால் கேல் மேல் ஒரு அம்பு பட்டாலே கவனம் கலையலாம், சோர்வு உடனே வரும். அதனால் கேலைப் பாறைக்குப் பின்னால் ஒளித்து வையுங்கள். சண்டையில் முந்தி முறை கிடைக்க உதவும் அலர்ட் ஃபீட் யாருக்காவது ஒருவருக்கு எடுங்கள். உயரமான இடம் பிடியுங்கள். லாங் ரெஸ்ட் எடுத்துவிட்டுப் போங்கள், 80 சப்ளை (உணவு) போனால் போகட்டும், உயிரைவிடப் பெரிதா?

இவ்வளவும் செய்தால் லெவல் 4-லேயே ஜெயிக்கலாம்.

உடைந்த_பாலம்

வாத்தியாரே, நான் எப்படி ஜெயிப்பது என்று கேட்கவே இல்லையே.

மொட்டை_ட்ரோ

என்னுடையது ஏழாவது பேட்ச், 2024 செப்டம்பர்.

என் கதாபாத்திரம் ட்ரோ (இருட்டு எல்ஃப்) இனத்துப் பாடகர், அதாவது பார்ட். இடுப்பு வரைக்கும் வெள்ளை முடி. அந்த முடி மோட் (ரசிகர்கள் செய்து தரும் கூடுதல் ஃபைல்), கொம்பு மோட், உடைக்குச் சாயம், பார்ட்டியில் நாலு பேருக்கு மேல் சேர்க்க ஒரு மோட் என்று நாற்பது சொச்சம் போட்டுவைத்திருந்தேன். எல்லாம் இங்கேயும் அங்கேயும் பொறுக்கியவை. ஆட்டோ அப்டேட்டை நிறுத்திவைக்க வேண்டும் என்று தெரியும், ஒரு வருடமாகத் தெரியும். நிறுத்தவில்லை. ராத்திரி சிஸ்டத்தை அணைக்காமல் தூங்கப் போனேன்.

காலையில் சேவ் திறக்கவில்லை. மோட்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி, பத்து மணிக்கு ஒருவழியாகத் திறந்தது. நான் அந்தச் சேவை எங்கே போட்டிருந்தேன் தெரியுமா? கேம்ப்பில், ராத்திரியில், கூட வருகிற வாம்பயர் ஆஸ்டேரியன் தன் முதுகுத் தழும்பைப் பற்றிப் பேசுகிற காட்சிக்குச் சரியாக முன்னால். அவன் குரல் உடைந்து, இருநூறு வருட அடிமை வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறான். கேமரா மெல்ல என் பக்கம் திரும்புகிறது. பளபளவென்று மொட்டைத் தலை. பின்னால் நிலா வெளிச்சம் வேறு.

சிரித்துவிட்டேன். சிரித்தபிறகு, அந்தக் காட்சியைச் சிரிக்காமல் இன்று வரை பார்க்க முடியவில்லை. அந்த நடிகர் எவ்வளவு உழைத்துப் பேசியிருப்பார், பாவம்.

வேடிக்கை என்னவென்றால், ஆட்டத்துக்குள்ளேயே மோட் மேனேஜரைக் கொண்டுவந்தது அதே பேட்ச்தான். இனி பொறுக்க வேண்டாம், ஒரே இடத்தில் இருக்கிறது. நான் இப்போது மோடே போடுவதில்லை.

பகடை_வாத்தியார்

ஸ்டீமில் ஆட்டத்தின் பெயர் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அப்டேட்ஸ், அதில் 'தொடங்கும்போது மட்டும் அப்டேட் செய்' என்று ஒன்று இருக்கும். சேவ் ஃபோல்டரை வாரம் ஒருமுறை வேறு டிரைவுக்குக் காப்பி எடுங்கள். முடி மோடை நடு ஆட்டத்தில் கழற்றினால்

மொட்டை_ட்ரோ

ஐயா, போதும். முடி போனது போனதுதான்.

கோவை_அக்கா

என் தம்பி டொராண்டோவில் இருக்கிறான். அவனிடம் பிஎஸ்5, என்னிடம் பிசி. அவன் அங்கே போகும்முன் ஒரே சோபாவில் உட்கார்ந்து டிவினிட்டி ஒரிஜினல் சின் 2 விளையாடுவோம், டிவியை இரண்டாகப் பிரித்து. போனபிறகு அதுவும் போயிற்று. 2025 ஏப்ரலில் எட்டாவது பேட்ச்சோடு கிராஸ்பிளே (வேறு வேறு கருவியிலிருந்து சேர்ந்து விளையாடுவது) வந்தபோது எனக்கு அந்தப் பன்னிரண்டு புது சப்கிளாஸ் (கதாபாத்திர உட்பிரிவு) எல்லாம் கண்ணிலேயே படவில்லை. (அவனுக்குப் பட்டது. ஸ்வாஷ்பக்ளர் எடுத்தே ஆகவேண்டும் என்று நின்றான்.)

அவனுக்குச் சனி ராத்திரி பத்தரை, எனக்கு ஞாயிறு காலை எட்டு. நான் காபியோடு உட்கார, அவன் கொட்டாவியோடு. எமரால்ட் குரோவ் வந்தோம். ட்ரூயிட் தலைவி காகா, அவள் பாம்பு, அவளிடம் மாட்டிய சின்னப் பெண் அராபெல்லா. பேச்சைத் தொடங்கியது நான். கூட விளையாடுகிறவர் கேட்டுக்கொண்டே, எதைச் சொல்லலாம் என்று ஒரு வரியில் தன் குறியை வைக்கலாம் இல்லையா. அவன் ஒரு வரியில் வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. நான் அக்கா அல்லவா? வேறு வரியை அழுத்தினேன். பகடை உருண்டது. தோற்றது. பாம்பு கொத்திவிட்டது. பெண் செத்துப்போனாள்.

ஹெட்செட்டில் ஐந்து நொடி சத்தமே இல்லை. அப்புறம், 'சின்ன வயசுல இருந்து இப்படித்தான்க்கா நீ' என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் முழுக்கச் சிரிப்பில்லை.

லோட் செய்யலாமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றான். இன்னும் அந்த ஆட்டத்தில்தான் இருக்கிறோம், இரண்டாம் ஆக்ட் (கதைப் பகுதி). அந்தப் பெண்ணின் அப்பா அம்மாவை எங்கே பார்த்தாலும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுகிறோம்.

பழைய_ஈஏ

கடைசிப்_பந்தி, நீங்கள் சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. பேட்ச் உங்கள் முடிவைத் தப்பாக்கவில்லை, பக்கத்தில் இன்னொன்றை வைத்தது. உங்களுடைய ஆகஸ்ட் முடிவு இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. அதே வரியை அழுத்தினால் அதே கார்லாக் அதே துறைமுகத்தில் எரிவாள். எனக்கு அதுவும் கிடையாது.

நான் 2020 அக்டோபரில் ஏர்லி ஆக்சஸ் (முழு ஆட்டத்துக்கு முந்தின பதிப்பு) வாங்கியவன். அப்போது முதல் ஆக்ட் மட்டும்தான். கார்லாக்கைப் பார்ட்டியில் சேர்க்கவே முடியாது. கதைப்படி நம் மூளையில் இருக்கிற புழுவின் சக்தியைப் பயன்படுத்தினால் கனவில் ஒருத்தி வருவாள். அவள் முகத்தை நாமே செய்ய வேண்டும். நான் ஒரு மணி நேரம் எடுத்துச் செய்தேன். நம்மை மெல்ல மெல்ல இழுப்பாள். நல்லவளா கெட்டவளா, தெரியாது. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் பழைய சேவ் போகும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன், மறுபடி அவள் முகத்தைச் செய்வேன். மூன்று வருடம்.

2023 ஆகஸ்ட் 3, முழு ஆட்டம் வந்தது. அந்த இடத்தில் கார்டியன் என்று வேறொருவர். கவசம் போட்டுக்கொண்டு, 'உன்னைக் காக்கிறேன்' என்று. முகத்தை அதே மாதிரி செய்துபார்த்தேன். பேசத் தொடங்கியதும் தெரிந்துவிட்டது, இது அவள் இல்லை.

கதைக்கு இதுதான் நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பழைய காட்சியை எந்த சேவை ஏற்றினாலும் பார்க்க முடியாது. யாரோ எடுத்துவைத்த வீடியோவில், யாரோ செய்த முகத்தோடுதான் பார்க்கலாம்.

கடைசிப்_பந்தி

சரி, இதற்கு எனக்குப் பதில் இல்லை. ஆனால் 'பக்கத்தில் வைத்தது' என்பதை ஏற்கமாட்டேன். பக்கத்தில் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தபிறகு முதலாவது முன்போல இருக்காது.

சட்டைப்பை

ரொம்ப சீரியஸாகப் போகிறது, நடுவில் என்னுடையதையும் போடுகிறேன். 2023 டிசம்பரில் மூன்றாம் ஆக்ட் ஊர்ந்தது ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் ஹாட்ஃபிக்ஸ் குறிப்பில் காரணம் எழுதினார்கள்: நாம் செய்த திருட்டையும் அடிதடியையும் ஆட்டம் விட்டுத்தொலைக்காமல் சேர்த்துக்கொண்டே போனதாம், அதில்தான் திணறியதாம். நான் அந்த ரன்னில் ஊரில் ஒரு வெள்ளிக் கரண்டியைக்கூட விட்டுவைக்கவில்லை. குறிப்பைப் படித்தபோது பள்ளியில் பெயர் சொல்லி எழுப்பி நிறுத்தியது போல இருந்தது. அடுத்த ரன்னில் பாலடின், நேர்மைச் சபதம் எடுத்த வீரன்.

கோவை_அக்கா

உடைந்த_பாலம், ஒன்று கேட்கட்டுமா? கித்யாங்கியிடம் ரன் முடிந்தது என்றீர்கள். ஆனால் போன வாரம் நீங்கள் போட்ட படத்தில் உருளுவது தங்கப் பகடை. வேறு ரன்னா?

பகடை_வாத்தியார்

இரண்டாவது ரன்னாக இருக்கும். அதற்குத்தான் நான் சொன்ன மாதிரி ஒருவரைத் தூரத்தில் நிறுத்தி

உடைந்த_பாலம்

இல்லை அக்கா. அதே ரன்தான்.

ஷேடோஹார்ட் 6 உயிரோடு நின்றாள், அவர்கள் முறை வந்தது என்று எழுதினேன் இல்லையா. கித்யாங்கி வாளை ஓங்கியதும் ஆல்ட் எஃப் 4 அடித்து ஆட்டத்தையே மூடினேன். யோசிக்கவே இல்லை, கை தானாகப் போயிற்று. மறுபடி திறந்தால், பாலத்துக்குப் போகும் பாதையில், நாலு பேரும் முழு உயிரோடு நிற்கிறார்கள். லேசெல் கையில் போஷன்கூட அப்படியே இருக்கிறது. இந்தத் தடவை பேசியே தப்பித்தேன். அப்புறம் எழுபது மணி நேரம் நேர்மையாக விளையாடினேன், ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. ஹானரை முடித்தால் வரும் ஃபோஹேமர் சாதனை வந்தது. பகடையும் வந்தது.

இப்போது எந்த ரன்னிலும், கதவுப் பூட்டைத் திறப்பதற்குக்கூட, அதுதான் உருளுகிறது. செட்டிங்ஸில் மாற்ற ஒரு நொடி போதும். மாற்றுவதில்லை.