கசிவா, பொசிவா? நுரையீரலுக்கு ஒரு சொல் வேண்டும்

அன்புடையீர்,
செவிலியர் பாடநூல் திங்களன்று அச்சுக்குப் போகிறது. அழற்சியால் நுரையீரலில் நீர் சேர்வதற்கு எளிய தமிழ்ச் சொல் கிடைக்காமல் ஓரிடத்தில் முட்டி நிற்கிறேன். நிமோனியாவிலோ செப்சிஸிலோ (தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டும் நிலை) ஹிஸ்டமின், பிராடிகைனின், இன்டர்லூகின் போன்ற வேதிப்பொருள்கள் உடலில் வெளிப்பட்டு, தந்துகி எனும் மிக நுண்ணிய இரத்தக்குழாயின் சுவர்ச் செல்களைச் சுருங்க வைக்கின்றன. செல்களுக்கு நடுவே இடைவெளி விழுந்து, புரதம் கலந்த நீர் நுரையீரலின் காற்று நுண்ணறைக்குள் இறங்குகிறது. கைப்படியில் இருப்பது "அழற்சி இடையீட்டாளர்களால் விளையும் ஊடுருவுதிறன் மிகைப்பு". படித்த மாணவி, "இடையீட்டாளர்னா புரோக்கரா மேடம்?" என்கிறார்.

மறு:
அம்மா, 'நீர்க்கோவை' இருக்க ஏன் அலைச்சல்? உடம்பில் நீர் கோத்துக்கொண்டது என்றுதானே ஊரில் சொல்கிறோம்? அதோடு நுரையீரல் என்ற பெயரையே பாருங்கள். இந்த நோயில் வாயில் நுரை தள்ளுவதைப் பார்த்துத்தான் நம் முன்னோர் பெயர் வைத்திருக்க வேண்டும்.

மறு: மறு:
ஐயா, நல்ல உறுப்பே நுரை போலத்தான் இருக்கிறது. அதற்கு நோய் வரவேண்டியதில்லை. நாட்டுமருந்துக் கடையில் நீர்க்கோவை மாத்திரை கேட்டால் நெற்றியில் உரைத்துப் பூசத் தருவார்கள். சளி, தலைபாரத்துக்கு உரிய சொல்லை வென்டிலேட்டர் நோயாளிக்கு வைக்காதீர்கள்.

இன்னொன்று. இதயம் தளர்ந்தாலும் நுரையீரலில் நீர் சேரும். அங்கே அழுத்தம் கூடி நீரை வெளியே தள்ளுகிறது; அந்த நீரில் புரதம் குறைவு. இளஞ்சிவப்பு நுரையும் பெரும்பாலும் அங்கேதான். அழற்சியிலோ அழுத்தம் இயல்பாகவே இருக்கலாம், சுவர்தான் விட்டுக்கொடுக்கிறது. 1967இல் ஆஷ்பா என்ற மருத்துவரும் உடனிருந்தோரும் லான்செட் மருத்துவ இதழில் 12 நோயாளிகளைப் பற்றி எழுதிய கடும் மூச்சுத்திணறலின் (இன்று ARDS என்கிறோம்) உள்ளே நடப்பதும் இதுதான். ஆக, சொல்லில் 'சுவர்' இருந்தே ஆகவேண்டும்.

மறு: மறு: மறு:
அப்படியானால் 'சுவர்ப் பொசிவு'. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசியும் என்று படித்தவர்கள்தானே நாம்? கசிவு ஓட்டைப் பானைக்கு. பொசிவு, மண் முழுக்க ஊறி வருவது.

மறு: மறு: மறு: மறு:
இங்கே உண்மையிலேயே இடைவெளி விழுகிறதே, ஐயா! கசிவுதான் சரி. மேலும் பொசிவு என்றால் மாணவிகள் அகராதியைத் தேடுவார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
நுரையீரலை எங்கட பாடப்புத்தகங்களில் சுவாசப்பை என்றுதான் படித்தோம். மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்தவர். அந்த நூல்களை ஒருக்காப் புரட்டினால் நல்லது.

மறு:
புரட்ட ஆசைதான், திங்கள் விடவில்லை. 'அழற்சித் தூண்டிகளால் தந்துகிச் சுவர்க் கசிவு' என்று போடுகிறேன். மூன்று பேர் சம்மதித்துவிட்டார்கள்.

மறு: மறு:
அச்சிடுங்கள். ஆனால் 'தூண்டி'யை நான் ஏற்கவில்லை. தூண்டியது கிருமி, ஹிஸ்டமின் சேதி கொண்டுபோகிற ஆள். 'தூதுப்பொருள்' என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? பொசிவுக்காரரும் இதில் என் கட்சி.