புதுப்பிப்பு: படுவான்கரைப் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் வந்துவிட்டார்

இலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலுள்ள எங்கள் ஊரில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்க ஆளில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் அதிகாரிகளிடம் மகஜர் (கோரிக்கை மனு) கொடுத்தோம். "வெற்றிடம் இல்லை" என்றார்கள். கைகொடுத்தது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கச் சொன்ன யோசனைதான். அபிவிருத்திச் சங்கச் செயலாளர் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினார். "ஏன் ஆசிரியரை அனுப்பவில்லை" என்று கேட்கவில்லை. அங்கீகரிக்கப்பட்ட ஆளணி (பாடசாலைக்கு ஒதுக்கிய ஆசிரியர் எண்ணிக்கை) விபரத்தையும், தற்காலிக இணைப்பில் வேறு பாடசாலைகளுக்குப் போனவர்களின் விபரத்தையும் கேட்டார்.

பதிலைப் பார்த்துத் திகைத்துப்போனோம். எங்களுக்கு ஒரு கணித ஆசிரியர் ஏற்கெனவே இருந்திருக்கிறார்! சம்பளம் எங்கள் பாடசாலைப் பெயரில், படிப்பித்தது நகரத்தில். அதனால்தான் பட்டியலில் வெற்றிடமே காட்டவில்லை. ரியூசனுக்கு வாவி கடந்து போக வசதியில்லாத பிள்ளைகளின் பங்கு இப்படிப் போனது பெரிய அநியாயம். அந்தப் பதிலை இணைத்து மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு எழுதினோம், இணைப்பு ரத்தானது. இப்போது பின்னேர வகுப்பும் நடக்கிறது.

இனித் தேடி வருபவர்களுக்கு: விண்ணப்பிக்கக் கட்டணமில்லை. கொடுத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.