மூன்று வார வகுப்புக்கு மியூசன்பர்க் போகலாமா? அங்கே கூட்டாய்வு செய்தவர்கள் சொல்லுங்கள்

பரவல்வீதம்:
வணக்கம். நோய்ப் பரவலுக்குக் கணித மாதிரி எழுதுவது என் துறை. முனைவர் பட்டம் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. ஆப்பிரிக்கக் கணித அறிவியல் நிறுவனத்தின் தென்னாப்பிரிக்க மையத்தில் மூன்று வாரப் பாடம் எடுக்க விண்ணப்பிக்கலாம் என்று ஆசை. (அதையும் எய்ம்ஸ் என்றுதான் சொல்கிறார்கள், மருத்துவமனையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வழிகாட்டியிடம் கேட்டேன். "அந்த மூன்று வாரத்தில் ஒரு கட்டுரையை முடிக்கலாமே" என்கிறார். எனக்கு அங்கே உள்ளவர்களோடு சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டும். மூன்று வாரத்தில் அது தொடங்குமா? கையில் ஒரு தயார் கணக்கோடு போவதா, வெறுங்கையோடு போவதா?

எண்கோணம்:
பின்னணி தெரியாதவர்களுக்காக: அண்டவியலாளர் நீல் டூரோக் முன்முயற்சியில் 2003-ல் கேப் டவுனை ஒட்டிய மியூசன்பர்க்கில் தொடங்கியது. பிறகு செனகல், கானா, கேமரூன், ருவாண்டா என்று கிளைகள் வந்தன. முதுகலை மாணவர்கள் கண்டம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். நான் போனதில்லை. சாக்பீஸ் அக்கா போயிருக்கிறார், அவர் சொல்லட்டும்.

சாக்பீஸ்:
போங்கள், தயங்காதீர்கள். ஆனால் பாதி தீர்த்து வைத்த கணக்கை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 2019-ல் நான் அப்படித்தான் போனேன்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் வேலை நடப்பதே அந்த இடத்தால்தான். கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஹோட்டல் கட்டடம். மாணவர், ட்யூட்டர், பாடம் எடுக்க வந்தவர் எல்லோருக்கும் தங்கல், சாப்பாடு, வகுப்பு அங்கேயே. பாடம் முடிந்தது என்று நீங்கள் எழுந்து போய்விட முடியாது. இரவுச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்பீர்கள், பின்னால் ஒரு பையன் நோட்டை நீட்டுவான். மூன்று வாரம் என்று காலண்டர் சொல்லும். பேசிய நேரத்தைக் கூட்டினால் ஒரு செமஸ்டர் வரும்.

மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்கிறேன். மலேரியா மாதிரி ஒன்றை எடுத்திருந்தேன். ஆர்-நாட் ஒன்றைத் தாண்டினால், அதாவது ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக ஒருவருக்கு மேல் தொற்றினால், நோய் ஊரில் நிலைத்துவிடும் என்ற தேற்றம். மலாவியிலிருந்து வந்த பெண் பலகையில் நிரூபணம் எழுதினார். முதல் வரியே "தொடக்கத்தில் நோயாளிகள் எண்ணிக்கை பாஸிட்டிவ்". மாலியிலிருந்து வந்த மாணவர் எழுந்து பலகைக்கே போய், கடைசி வரி தப்பு என்றார். பூஜ்யத்தில் தொடங்கினால் பூஜ்யமாகவேதானே இருக்கும், நோய் எப்படி நிலைக்கும்? அந்தப் பெண் பூஜ்யத்தைச் சேர்க்கவே இல்லை என்கிறார்கள் மற்றவர்கள். முதல் வரியிலேயே சேர்த்திருக்கிறார் என்கிறார் மாலி மாணவர். இருபது நிமிடம் போனது. எனக்கும் பிடிபடவில்லை.

பிறகுதான் புரிந்தது. பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு "போஸித்தீஃப்" என்றால் பூஜ்யமும் சேர்த்தி. பூஜ்யத்தை விலக்க "கண்டிப்பாக" என்று ஒரு அடைமொழி போட வேண்டும். ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு பாஸிட்டிவ் என்றாலே பூஜ்யத்துக்கு மேல். மாலி மாணவர் அந்த வரியை மனதில் பிரெஞ்சாக மாற்றிப் படித்திருக்கிறார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை.

நான் திருத்திவிட்டு அடுத்த பக்கம் போகப் பார்த்தேன். அந்த மாணவர் பலகையை விட்டு நகரவில்லை. "எங்கள் பக்கம் அந்தப் பூஜ்யம்தான் பிரச்சினையே" என்றார். மாலியில் மாதக்கணக்கில் மழையே இருக்காது. கொசு குறைந்துவிடும், கிளினிக் பதிவேட்டில் மலேரியா நோயாளிகள் ஏறக்குறைய இல்லை. ஆனால் காய்ச்சல் இல்லாமலே சிலர் இரத்தத்தில் ஒட்டுண்ணி அந்த வறண்ட மாதங்கள் முழுக்கத் தங்கியிருக்கும். முதல் மழைக்குப் பிறகு கொசு பெருகும், அவர்களிடமிருந்துதான் மறுபடி கிளம்பும். பதிவேட்டில் பூஜ்யம், உடம்பில் பூஜ்யம் இல்லை. அப்படியானால் மாதிரியின் தொடக்க மதிப்பாக எதைப் போடுவது?

நான் கொண்டுபோன கணக்கில் கொசுவின் எண்ணிக்கை வருடம் முழுக்க ஒரே அளவு. எழுதுவதற்கு அழகு, மாலிக்கு உதவாது. பருவம் மாறினால் சமன்பாட்டின் கெழுக்கள் காலத்தோடு ஏறி இறங்கும். வருடச் சராசரியைப் போட்டு ஆர்-நாட் எடுத்தால் ஏமாற்றிவிடும், இப்படிச் சுழற்சியாக மாறும் கெழுக்களைக் கையாளும் ஃப்ளோகே கோட்பாட்டுக்குப் போக வேண்டும். அன்று இரவே என் கணக்கை மூடிவைத்தேன். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை அந்தப் பலகையில் கிளம்பியது. வெளிவர மூன்று வருடம் ஆனது. முதல் பெயர் அந்த மாலி மாணவருடையது.

அந்த மூன்று வருடத்தில் கணக்கைவிட விசாதான் அதிகம் படுத்தியது. நான் வேலை பார்க்கும் நாட்டில் ஒரு பயிலரங்குக்கு அவரை அழைத்தோம். டிக்கெட் செலவு, தங்குமிடம், அழைப்புக் கடிதம் எல்லாம் தயார். தூதரகம் "திரும்பிப் போவார் என்று நம்பப் போதிய ஆதாரமில்லை" என்று ஒற்றை வரியில் மறுத்துவிட்டது. அந்தக் கடிதத்தை எனக்குப் படமெடுத்து அனுப்பினார், கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. கடைசியில் கிகாலியில் சந்தித்தோம். 2018 முதல் ருவாண்டா எல்லா நாட்டவருக்கும் வந்திறங்கும்போதே விசா கொடுக்கிறது. அதனால் சொல்கிறேன், சந்திப்பு வைக்கும் ஊரை முதலிலேயே ஆப்பிரிக்காவில் தேர்ந்தெடுங்கள்.

மழைக்கோடு:
அங்கே ஒரு வருடம் ட்யூட்டராக இருந்தவன். அக்கா சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் மறுப்பு. தயார் கணக்கே வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. பாடங்கள் முடிந்ததும் மாணவர்கள் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும், அதற்குக் கையில் இருப்பது சில மாதங்கள்தான். திறந்த கேள்வியைக் கொடுத்துவிட்டு வழிகாட்டி விமானம் ஏறிவிட்டால் மாட்டிக்கொள்வது மாணவர். இரவு இரண்டு மணிக்குக் கணினி அறையில் அழுதவரை நான் பார்த்திருக்கிறேன். முடியக்கூடிய ஒரு சிறு துண்டையாவது எடுத்துப் போங்கள்.

இன்னொன்று, உங்கள் துறைக்கு அந்த ஊர் ரொம்பப் பொருத்தம். தொற்றுநோய் மாதிரியாக்கத்துக்கான தென்னாப்பிரிக்க மையம் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, மியூசன்பர்க்கிலிருந்து காரில் போய் வருகிற தூரம்தான். முன்கூட்டியே எழுதி ஒரு நாள் போய் வாருங்கள்.

பரவல்வீதம்:
இருவருக்கும் நன்றி. அக்கா, கட்டுரை எண்ணிக்கை பற்றி வழிகாட்டியிடம் என்ன சொல்வது? மாணவர்களோடு தொடர்பு அறுந்துபோகாமல் எப்படி வைத்திருந்தீர்கள்?

சாக்பீஸ்:
மழைக்கோடு சொல்வது நியாயம். நான் சொன்னது என் அதிர்ஷ்டத்தை வைத்து. மாலி மாணவரின் கட்டுரைக் காலத்தில் நான் வாராவாரம் வியாழக்கிழமை அழைப்பில் இருந்தேன், இல்லையென்றால் அவரும் மாட்டிக்கொண்டிருப்பார். முடியும் துண்டு ஒன்று, முடியாத கேள்வி ஒன்று, இரண்டும் இருக்கட்டும்.

தொடர்புக்கு அந்த வியாழக்கிழமைதான் வழி. சொல்ல ஒன்றும் இல்லாத வாரத்திலும் பத்து நிமிடம் பேசினோம். இணையம் இழுத்தால் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார், நான் அதிலேயே சிவப்பில் எழுதித் திருப்புவேன். கட்டுரையில் பாதி அப்படி எழுதியதுதான்.

வழிகாட்டியிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: அந்த வருடம் ஒரு கட்டுரை குறையும். எனக்குக் குறைந்தது. பருவகால மாதிரிப் பக்கம் நான் வந்ததே அதற்குப் பிறகுதான், இன்றைக்கு என் முழு வேலையும் அதில்தான் ஓடுகிறது.

பாடக்குறிப்பைக் கிளம்புவதற்கு முன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பாஸிட்டிவ் என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் > 0 என்றோ ≥ 0 என்றோ குறியீட்டிலேயே எழுதிவிடுங்கள். "ஏறுமுகச் சார்பு" என்று வரும் இடத்திலும் அப்படியே, மதிப்பு ஏறாமல் நிற்பதும் அதில் சேர்த்தியா என்று அங்கேயும் அதே சிக்கல் உண்டு.