புதுப்பிப்பு: கோர்பா நிலக்கரிச் சுரங்கம்

போன வாரம் சத்தீஸ்கரின் கோர்பா பக்கத்துச் செயற்கைக்கோள் படம் ஒன்றைப் போட்டு, "இவ்வளவு பெரிய கறுப்புக் குழி எந்தச் சுரங்கம்?" என்று கேட்டிருந்தேன். ஒரே சுரங்கம் என்றுதான் அப்போது நினைத்தேன். அது தவறு.

அங்கே வரிசையாக மூன்று இருக்கின்றன. மேற்கே திப்கா, நடுவே கேவ்ரா, கிழக்கே குஸ்முண்டா. மூன்றுமே கோல் இந்தியாவின் துணை நிறுவனமான எஸ்.இ.சி.எல். நடத்துபவை. நான் வட்டமிட்டுக் காட்டிய இடம் கேவ்ரா. 1981-இல் தொடங்கியது, நீளம் சுமார் 10 கி.மீ., அகலம் 4 கி.மீ. வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட அதே கணக்குதான் வந்தது.

மூன்றையும் பிரிக்க உதவியது சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளம்தான். அனுமதி ஆவணங்களில் சுரங்க எல்லை, ஆண்டு உற்பத்தி வரம்பு எல்லாம் இருக்கும். கேவ்ராவின் வரம்பு 2024-இல் 5.25 கோடி டன்னிலிருந்து 7 கோடி டன்னாக உயர்ந்திருக்கிறது.

திப்காவை உறுதிசெய்ய இன்னொரு வழியும் கிடைத்தது. 2019 செப்டம்பர் கடைசியில் லீலாகர் ஆற்று வெள்ளம் அதற்குள் புகுந்தது செய்திகளில் வந்தது. அந்த ஆற்றின் போக்கைப் பிடித்துக்கொண்டே போனால் நேராகத் திப்காவின் ஓரத்துக்கு வந்துவிடலாம்.

அப்புறம், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். படிப்படியாக இறங்கும் விளிம்பில் அரிசிமணி போலத் தெரிபவை ராட்சத டம்பர் லாரிகள். பழுப்பாகக் குவிந்திருப்பது நிலக்கரிக்கு மேலிருந்து தோண்டிக் கொட்டிய மண். அதை ஒட்டியே ஊர்களின் கூரைகள் தெரிகின்றன. அடுத்து, பழைய படங்களை வைத்து அந்த ஊர்களில் எவை இடம்பெயர்ந்தன என்று தேடப்போகிறேன்.