கார்டு எடுக்காம வாயாலேயே பிளேயர்ஸ சமாளிக்கிறது எப்படி?

புது விசில்:
ஃபுட்பால் ரெஃப்ரியா வந்து ஆறு மாசம்தான் ஆகுது. போன மேட்ச்ல கடைசி நிமிஷத்துல ஒரு பெனால்டி கொடுத்தேன், கொடுத்தது சரிதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா அஞ்சு பேரு வந்து சுத்தி நின்னுட்டானுங்க. ஒருத்தன் மூஞ்சி என் மூக்குகிட்ட இருந்துச்சு. நானும் சூடாகி "நான்தான் இங்க ரெஃப்ரி, பின்னாடி போ"ன்னு கத்திட்டேன், அவ்ளோதான், கோச்சும் உள்ள ஓடி வந்து, மூணு மஞ்சள் ஒரு சிவப்புல போய் முடிஞ்சுது. சீனியர்ஸ் எல்லாம் ரெண்டு வார்த்தை பேசி எப்படி அடக்குறாங்க?

ஓரக்கோடு:
தம்பி, தப்பு பெனால்டில இல்ல, அடுத்த பத்து செகண்ட்ல. விசில் ஊதினதும் நீங்க அதே இடத்துல நின்னிருப்பீங்க, அதான் சுத்திக்கிட்டாங்க. ஊதின கையோட கூட்டம் இல்லாத பக்கமா நாலடி நகருங்க, உள்ளங்கைய திறந்து நெஞ்சு உயரத்துல காட்டுங்க, ஆள்காட்டி விரல மட்டும் நீட்டவே கூடாது. "கேப்டன் மட்டும் வாங்க, மத்தவங்க பாக்ஸுக்கு வெளிய." 2024 யூரோ கப்ல இதையேதான் ரூலா வச்சாங்க, கேப்டன் மட்டும்தான் ரெஃப்ரிகிட்ட வந்து பேசலாம்னு. கேப்டன் வந்தா எதிர எதிர நிக்காதீங்க, பக்கத்துல நடந்துக்கிட்டே பேசுங்க. நேருக்கு நேர் நின்னா பாக்குறவனுக்கு சண்டை, சேர்ந்து நடந்தா பேச்சுவார்த்தை.

பேசுறதும் ஒரே வரி. "கால்ல முதல்ல பட்டுச்சு, பந்துல அப்புறம்தான், நான் பார்த்தது அது." போதும். ரெண்டாவது வரி சொன்னா அதுல ஓட்டை தேடுவான். அப்புறம் "அமைதியா இரு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அந்த வார்த்தைக்கு அமைதியான ஆள நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல.

மஞ்சள்பை:
அண்ணன் சொல்றது சரி, ஆனா ஒரு விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். பேசிட்டே இருந்தா இவன் கார்டு எடுக்க மாட்டான்னு நினைச்சுக்குவாங்க. கார்டும் பேச்சுதான் ப்ரோ. அது வந்த கதையே அதான், 1966 வேர்ல்ட் கப்ல அர்ஜென்டினா கேப்டன் ராட்டினை ஜெர்மன் ரெஃப்ரி வெளிய போகச் சொன்னாரு, அவரு பாஷை இவருக்குத் தெரியாது, இவரு பாஷை அவருக்குத் தெரியாது, மனுஷன் நகரவே மாட்டேன்னு நின்னாரு. அதுக்கப்புறம்தான் கென் ஆஸ்டன்னு ஒரு இங்கிலாந்து ரெஃப்ரி டிராஃபிக் சிக்னல பார்த்து மஞ்சள் சிவப்பு யோசனைய பிடிச்சாரு, 1970 வேர்ல்ட் கப்ல வந்துச்சு. நான் ஒரு தடவை வாயால சொல்லுவேன், அடுத்து கேப்டன் காதுல விழற மாதிரி சொல்லுவேன், மூணாவது கார்டு. அதையும் மூஞ்சிக்கு நேரா ஆட்டாம, ஒரு அடி பின்னாடி போய் தூக்குவேன்.

புது விசில்:
ரொம்ப தேங்க்ஸ் அண்ணே. பிளேயர் சரி, கோச்ச என்ன பண்றது? அவருதான் பெரிய தலைவலி.

ஓரக்கோடு:
2019ல இருந்து கோச்சுக்கும் கார்டு காட்டலாம், பெஞ்சுல யாரு கத்தினான்னு தெரியலைன்னா அங்க இருக்குற சீனியர் கோச்சுக்குத்தான் அது போகும். ஆனா அதுக்கு முன்னாடி பந்து வெளிய போற நேரம் பார்த்து நீங்களே அவருகிட்ட நடந்து போங்க, ஓடாதீங்க. முதல்ல அவரு சொல்லி முடிக்கட்டும், ஒரு பத்து செகண்ட் கொடுங்க, பாதி காத்து அதுலயே இறங்கிடும். "கோபம் புரியுது சார், முடிவு மாறாது, இனிமே கோட்டுக்குள்ள நின்னு பேசுங்க"ன்னு தாழ்ந்த குரல்ல சொல்லுங்க. நீங்க மெல்ல பேசினா அவரு கேக்குறதுக்காகவே கத்துறத நிறுத்தணும்.

புது விசில்:
ஞாயித்துக்கிழமை அடுத்த மேட்ச். பேசும்போது கைய பின்னாடி கட்டிக்கலாமா?

மஞ்சள்பை:
வேணாம் ப்ரோ, ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கும். முதல்ல விசில வாயில இருந்து எடுத்துட்டு பேசுங்க, என் முதல் மேட்ச்ல அத கடிச்சுக்கிட்டே பேசினேன், ஒவ்வொரு வார்த்தைக்கும் பீப் வந்துச்சு.